கையெழுத்துப் போட்டவள் சொல்கிறேன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், 'அரசு ஒப்பந்தங்களும் சிறுதொழில்களும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த அரங்கில் நான் கடைசியாக மேடை ஏறியது 1993-இல். அன்றைக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பேசச் சொல்லவில்லை. இன்றைக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் போன் செய்து, "மேடம், பெண் தொழில்முனைவோர் என்ற முறையில் உங்கள் வெற்றிக் கதையைச் சொல்லுங்கள்" என்றார். வெற்றிக் கதை இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு வெட்கக் கதை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் பின்னது உங்களுக்குப் பயன்படும்.

மெக்கானிக்கல் முடித்தேன். கல்யாணம் ஆயிற்று. இரண்டு குழந்தைகள், மாமனார் மாமியார், வீடு. வாங்கிய பட்டம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. என் கொழுந்தனார் கோவை குறிச்சிப் பக்கம் தகட்டு வேலைப் பட்டறை வைத்திருந்தார். கேபிள் டிரே, பேனல் பெட்டி, ஸ்டீல் ரேக் எல்லாம் செய்வார். நல்ல கைத்திறன். 2019-இல் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அண்ணி, உங்க பேர்ல ஒரு கம்பெனி போடலாங்க. பெண்கள் பேர்ல இருந்தா மத்திய அரசு டெண்டர்ல சலுகை வந்திருக்குதாம்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2012-இல் மத்திய அரசு ஒரு கொள்முதல் ஆணை போட்டது. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது ஆணை. 2015 ஏப்ரல் முதல் அது கட்டாயமாயிற்று. அதற்குள்ளேயே தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதம். 2018 நவம்பரில் மொத்தத்தை 25 சதவீதமாக உயர்த்தி, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் என்று சேர்த்தார்கள். அந்த 3 சதவீதம்தான் என்னைக் கம்பெனி முதலாளி ஆக்கியது.

நான் என்ன செய்தேன்? கையெழுத்துப் போட்டேன். வெற்று லெட்டர்பேடில் போட்டேன். வங்கியில் போட்டேன். டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள், விரல் அளவு பென்டிரைவ் மாதிரி. அது என் கொழுந்தனார் சட்டைப் பையில் இருந்தது. அதாவது என் கையெழுத்தே அவர் பையில் இருந்தது. இன்ஜினியரிங் படித்த நான், டெண்டர் ஆவணம் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

வந்தது ஓலை

2022-இல் ரிஜிஸ்டர் தபால் வந்தது. வெளிமாநிலத்துப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றிலிருந்து. உரிமையாளர் என்று என் பெயர். சப்ளை எட்டு வாரம் தாமதம், அதற்காகப் பிடித்தம் செய்கிறோம், உங்கள் நிறுவனத்தை இரண்டு ஆண்டுகள் ஏன் விலக்கி வைக்கக்கூடாது என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தருக என்று எழுதியிருந்தது. படித்தபோது கை நடுங்கியது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்த டெண்டரை முதன்முதலாக நான் படித்தேன். மொத்தம் 74 பக்கம். விடியும்போது விஷயம் புரிந்துவிட்டது.

24,000 மீட்டர் கேபிள் டிரே. மிகக் குறைந்த விலை, அதாவது எல்-ஒன், மீட்டருக்கு 500 ரூபாய். நாங்கள் கேட்டது 560. ஆணையில் ஒரு வழி இருக்கிறது. நம் விலை எல்-ஒன் விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால், "அந்த விலைக்கு இறங்கி வருகிறீர்களா?" என்று சிறு நிறுவனத்தைக் கேட்பார்கள். இறங்கினால், பிரித்துக் கொடுக்கக்கூடிய டெண்டரில் 25 சதவீதமாவது கிடைக்கும். 500-க்கு 15 சதவீதம் கூட்டினால் 575. நாங்கள் அதற்குள் இருந்தோம். கேட்டார்கள். கொழுந்தனார் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார். 6,000 மீட்டர், 30 லட்ச ரூபாய் ஆர்டர்!

ஆனால் எங்கள் அடக்கவிலை மீட்டருக்கு 525. மீட்டருக்கு 25 ரூபாய் நஷ்டம். ஆர்டர் வாங்கிய அன்றே ஒன்றரை லட்சம் போய்விட்டது. அது போதாதென்று 2021-இல் தகட்டு விலை ஏறிய ஏற்றம் தொழிலில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஒப்பந்தத்தில் விலை ஏற்றத்துக்கு ஈடு தரும் ஷரத்தே இல்லை. சரக்கு வாங்கப் பணம் இல்லாமல் தாமதம். வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம், எட்டு வாரத்துக்கு 4 சதவீதம், அது ஒரு லட்சத்து இருபதாயிரம்.

இதில் அந்த நிறுவனத்தின் மேல் தப்பே இல்லீங்க. எல்லாம் அந்த 74 பக்கத்தில் எழுதியிருந்தது. என் கையெழுத்தும் இருந்தது.

மறுநாள் கொழுந்தனார் வந்தார். "தம்பி, அந்த டோக்கனைக் கொடுங்க" என்றேன். "உங்களுக்கு எதுக்குங்க அண்ணி இந்தத் தலைவலி?" என்றார். "தபால் என் பேர்லதானே தம்பி வருது?" என்றேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். இன்றைக்கும் பட்டறை அவர் பொறுப்புதான், அதில் நான் தலையிடுவதில்லை. காகிதம் என் பொறுப்பு.

ரயில் ஏறிப் போய் அந்த அதிகாரியைப் பார்த்தேன். சாக்குச் சொல்லவில்லை. மீதிச் சரக்கு அனுப்பியாகிவிட்டது, பிடித்தத்தை ஏற்கிறேன், விலக்கி வைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது, "அம்மா, நீங்கள்தான் நிஜமான உரிமையாளரா?" என்று கேட்டார். அதில் கேலி எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

நண்பர் கொடுத்த வீட்டுப்பாடம்

இந்தச் சங்கத்துக்கு நான் பட்ட நன்றிக்கடன் இங்கேதான் வருகிறது. எங்கள் செட்டில் ஒருவர் பொதுத்துறைக் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போன் செய்தேன். "மூணு மாசம் எந்த டெண்டருக்கும் போடாதே. இருபது டெண்டரைப் படி. யாருக்குப் போகும், என்ன விலைக்குப் போகும்னு நோட்டுல எழுதி வை. முடிவு வந்ததும் ஒத்துப் பார்" என்றார். கல்லூரியில்கூட இப்படி வீட்டுப்பாடம் செய்ததில்லை!

முதல் பத்தில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. அடுத்த பத்தில் நான்கு நெருங்கி வந்தன. அந்த நோட்டில் நான் கற்றதைத்தான் இப்போது சுருக்கமாகச் சொல்லப் போகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, யார் வாங்குகிறார் என்று பாருங்கள். நான் சொன்ன 2012 ஆணை மத்திய அரசுக்கும் மத்தியப் பொதுத்துறைக்கும்தான். மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாநில வாரியங்கள் எல்லாம் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டப்படி நடப்பவை. அங்கே போய் "மூணு சதவீதம் எங்கே?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதம். கர்நாடகத்தில் குறிப்பிட்ட தொகை வரையிலான கட்டுமானப் பணிகளிலேயே தாழ்த்தப்பட்ட, பழங்குடி ஒப்பந்தக்காரர்களுக்கு ஒதுக்கீடு வைத்தார்கள். மத்திய ஆணையிலோ கட்டுமானப் பணி ஒப்பந்தங்கள் சேராது. பொருளும் சேவையும்தான்.

இரண்டாவது, நாம் யார் என்று பாருங்கள். உத்யம் பதிவு வேண்டும். ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். யாருக்கும் ஐயாயிரம் பத்தாயிரம் கொடுக்காதீர்கள். செய்து விற்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தச் சலுகை, வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை. பெண் நிறுவனம் என்றால் தனி உரிமையில் உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டிலும் பிரைவேட் லிமிடெட்டிலும் 51 சதவீதப் பங்காவது பெண்களிடம் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் இதே கணக்குதான்.

மூன்றாவது, சலுகை எதுவரை என்று பாருங்கள். டெண்டர் படிவம் இலவசம். ஈ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். பொதுவாக அது மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும், அந்தப் பணம் முடங்காமல் இருப்பதே நமக்குப் பெரிய மூச்சு. ஆனால் ஆர்டர் கிடைத்த பின் கட்டும் உறுதித்தொகைக்கு இந்த ஆணையில் விலக்கு இல்லை. அதற்கு வங்கி உத்தரவாதம் தயாராக இருக்க வேண்டும். முன் அனுபவமும் விற்றுமுதலும் கேட்கும் இடத்தில் தளர்வு கொடுக்கலாம் என்று இருக்கிறது. 'கொடுக்கலாம்' என்பதைக் கவனியுங்கள், அது டெண்டருக்கு டெண்டர் மாறும். அப்புறம், 4 சதவீதம், 3 சதவீதம் என்பவை வாங்கும் நிறுவனத்தின் ஆண்டு இலக்கு. ஒவ்வொரு டெண்டரிலும் நமக்கென்று எடுத்து வைத்த பங்கு என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

நான்காவதும் தலையானதும், அடக்கவிலை. எந்த விலைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்பதை டெண்டர் போடுவதற்கு முன்னால் காகிதத்தில் எழுதி வையுங்கள். லாரி வாடகை, பெயிண்ட், இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்தால் செலவு, பணம் வரும்வரை வட்டி, எல்லாம் சேர்த்து. "இறங்கி வருகிறீர்களா?" என்று கேட்கும்போது அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்வதும் ஒரு பதில்தான்.

பதினெட்டு கிலோமீட்டர்

நோட்டு முடிந்ததும் ஒன்று உறைத்தது. நாங்கள் ஏன் 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்? நம் ஊரைச் சுற்றியே மத்திய அரசின் கை எத்தனை! ரயில்வே இருக்கிறது, அஞ்சல் துறை இருக்கிறது, சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, எண்ணெய் நிறுவனக் கிடங்குகள், வங்கிகள், மத்திய ஆராய்ச்சி நிலையங்கள். இவர்கள் வாங்குவதில் பெரும்பகுதி 2016-இல் தொடங்கிய ஜெம் இணையச் சந்தையில்தான் வருகிறது. பெண்கள் பொருளுக்கென்று 'உமனியா' என்ற பிரிவும் 2019 முதல் அதில் உண்டு.

எங்கள் பட்டறையிலிருந்து 18 கிலோமீட்டரில் ஒரு மத்திய அலுவலகம் 36 ஸ்டீல் ரேக் கேட்டிருந்தது. டெண்டர் போடுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்தேன். வாசலில் ஒருவர், "சார் வரலீங்களாம்மா?" என்றார். "சார் கிடையாது, நான்தான்" என்றேன். உள்ளே விட்டார்கள். அறையின் கதவு அகலத்தை அளந்தேன். கேட்டிருந்த அளவில் ரேக் செய்தால் அந்தக் கதவு வழியே நுழையாது! சொன்னேன். திருத்த அறிவிப்பு வந்தது, எல்லோருக்கும் பொதுவாக. கழற்றி மாட்டும் ரேக் என்று மாறியது.

நான் எழுதியது ஒன்று 9,800 ரூபாய். வெளியூர்க்காரர்களுக்கு லாரி வாடகையே எங்களைவிட அதிகம். சலுகை எதுவும் தேவைப்படவில்லை. நாங்களே எல்-ஒன். மூன்று லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் ஆர்டர். 30 லட்சத்தைவிட இது எனக்குப் பெரிது, இதில் லாபம் இருந்ததே! ரேக் இறக்கிய அன்று கொழுந்தனார் தானே நின்று போல்ட் முடுக்கினார்.

மற்றவர் அனுபவம்

என் கதை மட்டும் போதாது. நமக்கு ஐந்தாறு வருடம் ஜூனியர் ஒருவர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர், வால்வு உதிரிப்பாகம் செய்கிறார். சாதிச் சான்றிதழை இணைக்கவே மாட்டேன் என்றிருந்தார். "சர்டிபிகேட் காட்டி ஆர்டர் வாங்கினான்னு பேசுவாங்க அக்கா" என்றார். நான் சொன்னேன், "தம்பி, சர்டிபிகேட் உங்களை வாசல்வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும். அதுக்கப்புறம் உங்க பொருளை அளக்கற மைக்ரோமீட்டருக்குச் சாதி தெரியாது." 2016-இல் தொடங்கிய தேசிய எஸ்.சி.-எஸ்.டி. ஹப் மூலம் பயிற்சிக்குப் போனார். இன்றைக்கு அவர் பொருள் திரும்பி வருவதில்லை. பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவருக்கு நேரமில்லை.

இன்னொருவர் நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு ராணுவத்துக்குப் போனவர். ஓய்வு பெற்று வந்து காவல், துப்புரவுப் பணிக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் நடத்துகிறார். முன்னாள் படைவீரர் நிறுவனங்களுக்கு 2012 ஆணையில் தனிச் சதவீதம் கிடையாது. சிறுபான்மைச் சமயத்தவருக்கும் அதில் தனிப் பங்கு இல்லை. பொதுவான 25 சதவீதத்துக்குள்தான் வர வேண்டும். படைவீரர்களுக்கு வேறு வாசல் உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம், டி.ஜி.ஆர். என்பார்கள், காவல் நிறுவனங்களைப் பட்டியலில் சேர்த்துப் பொதுத்துறைக்குப் பரிந்துரைக்கிறது. மாவட்டத்திலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள். அவர் எனக்குச் சொன்ன புத்தி இது: "மேடம், ஆள் அனுப்புற வேலைல ரெண்டு மாசச் சம்பளம் கையில இருக்கணும். பில் லேட்டானாலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. லேட்டாகக் கூடாது. ஆள் வயித்துல அடிச்சு டெண்டர் நடத்தக் கூடாது."

பில் என்றதும் நினைவு வருகிறது. எங்களுக்கும் ஓர் அலுவலகம் ஏழு மாதம் பணம் தரவில்லை. 2006 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கேட்டு வாங்கிக் கொடுக்க வசதியாக்க மன்றம் இருக்கிறது, கோவையிலேயே இருக்கிறது. "புகார் கொடுத்தா அடுத்த ஆர்டர் வராதுங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். பயம் எனக்கும் இருந்தது. கொடுத்தேன். அசல் வந்தது. வட்டியை விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்துகொண்டேன். அந்த அலுவலகத்தில் இருந்து பிறகு ஆர்டர் வரவில்லை என்பதும் உண்மை. மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வேண்டுகோள்

இந்த அரங்கில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். கொள்முதல் அதிகாரிகள், தணிக்கை அதிகாரிகள், வங்கி மேலாளர்கள். உங்களிடம் சிபாரிசு கேட்க நான் வரவில்லை. அளவை ஒழுங்காக எழுதுங்கள். விலைப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் பெண் எழுந்து கேள்வி கேட்டால் அவள் பின்னால் யார் நிற்கிறார் என்று தேடாதீர்கள். பில்லை 45 நாளில் பாஸ் செய்யுங்கள். இதைவிடப் பெரிய சலுகை எங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது, மாணவிகளுக்கு. நாளைக்கு உங்களிடமும் வருவார்கள். அண்ணன் வருவார், கணவர் வருவார், மாமனார் வருவார். "உன் பேர்ல ஒரு கம்பெனி போடலாம்மா" என்பார்கள். சண்டை போடாதீர்கள். வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். "சரி, காகிதத்தைக் கொடுங்க, படிச்சிட்டுப் போடறேன்" என்று சொல்லுங்கள். டோக்கன் உங்கள் கையில் இருக்கட்டும். பெயர் மட்டும் பெண்ணுடையதாக, நடத்துவது வேறொருவராக இருந்தால், உண்மையாகத் தொழில் செய்யும் இன்னொரு பெண்ணுக்குப் போக வேண்டிய பங்கு அங்கே திருடு போகிறது. மூன்று ஆண்டுகள் அந்தத் திருட்டில் எனக்கும் பங்கு இருந்தது. அதனால்தான் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

மாதத்தில் முதல் சனிக்கிழமை பிற்பகல் பழைய டிராயிங் ஹாலைத் தருவதாக முதல்வர் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நானும் அந்த ஓய்வு பெற்ற நண்பரும் வருவோம். கையில் ஒரு டெண்டர் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம். நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.